தீபாவளி விருந்துக்கு 25 பேர்: நாமே சமைப்பதா, மாஸ்டரை வைப்பதா, வெளியில் சொல்வதா?

ஐப்பசி பிறந்ததும் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும். "இந்தத் தீபாவளிக்கு எல்லோரும் நம் வீட்டிலேயே சாப்பிடட்டும்" என்று ஒருவர் வாக்குக் கொடுத்துவிடுவார். வாக்குக் கொடுப்பவர் பெரும்பாலும் அடுப்படியில் நிற்காதவர் என்பது வேறு விஷயம். தலையை எண்ணிப் பார்த்தால் 25 வரும். அப்புறம்தான் குழப்பம் தொடங்கும். நாமே சமைத்துவிடலாமா, சமையல் மாஸ்டரை வீட்டுக்கு வரவழைக்கலாமா, கேட்டரிங்கில் சொல்லிவிடலாமா, ஆளுக்கொரு பதார்த்தம் என்று பிரித்துக்கொள்ளலாமா?

இப்படித் திண்டாடுகிறவர்களில் பாதிப்பேர் இதை வெறும் பணக் கணக்காகப் போட்டுப் பார்க்கிறார்கள். ஓர் இலைக்கு வெளியில் இவ்வளவு, வீட்டில் இவ்வளவு, ஆகவே வீட்டுச் சமையல் லாபம் என்று முடித்துவிடுகிறார்கள். பணம் நான்காவதாகப் பார்க்க வேண்டியது என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியது அடுப்பை.

## எதை வைத்து அளப்பது?

அடுப்பு நேரம். தீபாவளியன்று அதிகாலையில் எண்ணெய்க் குளியல், பிறகு பூஜை, பிறகு காலை ஆறிலிருந்து ஏழு வரை பட்டாசு. தமிழ்நாட்டில் அரசு அனுமதித்துவரும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அது முடிந்ததும் பிள்ளைகள் பசியோடு உள்ளே வருவார்கள். ஆளுக்கு நான்கு இட்லி என்றாலும் நூறு இட்லி வேண்டும். ஓர் ஈட்டுக்கு 16 வேகும் பாத்திரத்தில் ஏழு ஈடு எடுக்க வேண்டும். குழம்பைச் சூடாக்கி, காபி போட்டு, அடுப்பு கைக்கு வரும்போது மணி ஒன்பதாகிவிடும். ஒரு மணிக்கு இலை போட வேண்டுமென்றால் பன்னிரண்டரைக்குள் எல்லாம் இறங்கியாக வேண்டும். ஆக, கையில் இருப்பது மூன்றரை மணி நேரம்.

வீட்டில் மூன்று பர்னர் அடுப்பு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். 25 பேருக்கான குண்டான் ஒன்றை ஏற்றினால் அது பக்கத்து பர்னரின் பாதியையும் மறைத்துக்கொள்ளும். பெரிய பாத்திரம் இரண்டுதான் நிற்கும். மூன்றாவதில் தாளிப்புக் கரண்டி வைக்கலாம், பால் காய்ச்சலாம். எனவே உண்மையான இருப்பு இரண்டு பர்னர் பெருக்கல் மூன்றரை, அதாவது ஏழு மணி நேரம்.

இனித் தேவையைப் பாருங்கள். 25 பேருக்கு அரிசி மூன்று கிலோ. ஐந்து லிட்டர் குக்கர் ஒரு தடவைக்கு முக்கால் கிலோவுக்கு மேல் தாங்காது. நான்கு ஈடு, ஆவி அடங்கும் நேரத்தையும் சேர்த்து ஈட்டுக்கு அரை மணி. சாதத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் போய்விடும். பருப்பு வெந்து சாம்பார் கொதித்து இறங்க ஒன்றரை மணி, பாயசம் ஒரு மணி, வடை ஒரு மணி, பொரியல் இரண்டும் சேர்த்து ஒரு மணி, கூட்டு முக்கால் மணி, ரசம் அரை மணி, அப்பளம் கால் மணி. கூட்டினால் எட்டு. இருப்பு ஏழு. நடுவில் வருகிற மாமாவுக்குக் காபி, குழந்தைக்குப் பால் எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை.

ஒரு மணிக்குப் போட வேண்டிய இலை இரண்டரைக்குப் போடப்படுவதன் காரணம் பெரும்பாலும் இந்தப் பற்றாக்குறைதான். சமைக்கிறவரின் கை வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

சூடும் பக்குவமும். சராசரி வீட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு எட்டு அல்லது பத்துப் பேர்தான் உட்காரலாம். ஒரு பந்தி எழுந்து, இடம் துடைத்து, அடுத்த இலை போட முக்கால் மணி ஆகும். மூன்று பந்தி முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். முதல் பந்திக்கு மட்டுமல்ல, மூன்றாம் பந்திக்கும் சாம்பார் சூடாக இருக்க வேண்டும். இது ருசிக்காக மட்டுமன்று. சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டும் தேங்காய்ச் சட்னியும் நம் ஊர் வெப்பத்தில் அவ்வளவு நேரம் பொறுப்பதே சந்தேகம்.

கடைசிப் பந்தியில் யார்? இதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. மூன்றரை மணிக்கு, ஆறிப்போன ரசத்தோடு, வடை தீர்ந்த பிறகு உட்காருகிறவர் யார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே இரண்டு பெண்கள்தான் என்றால், நீங்கள் மிச்சம் பிடிக்கும் பணம் அவர்களுடைய தீபாவளியிலிருந்து எடுத்தது.

பணம். கண்ணுக்குத் தெரிகிற செலவும் தெரியாததும். கீழே ஒவ்வொன்றிலும் சொல்கிறேன்.

கைவிட்டால் என்ன வழி? மாஸ்டர் வரவில்லை, கேட்டரிங் வண்டி வழியில் நிற்கிறது, கேஸ் தீர்ந்துவிட்டது. பண்டிகை நாளில் இதற்கெல்லாம் மாற்று கிடைப்பது அரிது. கடைகள் பாதி மூடியிருக்கும்.

## நாமே சமைப்பது

இதன் பெருமை முழுக்க வடையில் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஜல்லிக்கரண்டியில் எடுத்து, வடிந்தும் வடியாமலும் நேராக இலைக்கு வருகிற வடையை எந்தக் கேட்டரிங்காலும் கொடுக்க முடியாது. வீட்டுப் புளியின் அளவு, பாட்டி போடும் மிளகின் காரம், அப்பாவுக்கு உப்புக் குறைவாக ஒரு கிண்ணம் என்பதெல்லாம் இதில்தான் கைகூடும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, பாத்திரம். பத்து லிட்டர் பிடிக்கிற குண்டான் எத்தனை வீடுகளில் இருக்கிறது? சிறிய பாத்திரங்களில் இரண்டு தடவையாகச் சமைத்தால் அடுப்பு நேரம் இரட்டிக்கும். இரண்டு, தேய்ப்பது. வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் அன்று தீபாவளி; அவர் வரமாட்டார், வரச் சொல்வதும் நியாயமில்லை. மூன்று, நிற்கிற ஆள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தவர் மாலை நான்கு வரை நிற்பதற்கு யாரும் விலை போடுவதில்லை.

அந்த ஒரு மணி நேரப் பற்றாக்குறையைச் சரிக்கட்ட வழிகள் உண்டு. அப்பளத்தை முந்தின நாள் இரவே பொரித்துக் காற்றுப் புகாத டின்னில் போட்டுவிடலாம். மழைக்காலத்தில் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பருப்புப் பாயசத்துக்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, பாசிப்பருப்பை வறுத்து வைத்துக்கொண்டால் காலையில் அரை மணி வேலை மிஞ்சும். தேங்காய்ப் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்குங்கள். சேமியாப் பாயசம் நிற்க நிற்க இறுகும், மூன்றாம் பந்திக்கு அது கேசரியாகிவிடும். பந்தி விருந்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

சாதத்தை அடுப்பிலிருந்தே கழற்றிவிடுவது இதைவிடப் பெரிய லாபம். பக்கத்து வீட்டு மின்சாரக் குக்கரை இரவல் வாங்கலாம், அல்லது வாடகைப் பாத்திரக் கடையில் ஒற்றை அடுப்பும் குண்டானும் எடுத்துப் பின்கட்டில் வடிக்கலாம். இண்டக்ஷன் அடுப்பும் கைகொடுக்கும். ஆனால் கிரைண்டர் ஓடும் பிளக்கிலேயே அதையும் செருகாதீர்கள்.

வடைக்கு முக்கால் கிலோ உளுந்து, 50 வடை. மாவை அரைத்து ஃபிரிஜ்ஜில் வைத்துக்கொள்ளலாம், உப்பை மட்டும் தட்டுவதற்குச் சற்று முன் போடுங்கள். முன்னாலேயே போட்டால் மாவு நீர்த்து, வடை எண்ணெய் குடிக்கும். ரசத்தைக் கடைசி அரை மணிக்கென்று ஒதுக்குங்கள். நுரைத்து வந்ததும் இறக்க வேண்டிய பொருளைப் பதினொரு மணிக்கே வைத்து மறுபடி மறுபடி சூடுபண்ணினால் மூன்றாம் பந்திக்குப் புளித் தண்ணீர்தான் வரும்.

*எப்போது இது சரி:* 15 பேருக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம். 25 பேர் என்றால், அடுப்படியில் பழகியவர்கள் குறைந்தது மூன்று பேர் வேண்டும்; சாதத்தையோ வடையையோ அடுப்புக் கணக்கிலிருந்து கழற்றியிருக்கவும் வேண்டும்.

## சமையல் மாஸ்டரை வீட்டுக்கு வரவழைப்பது

மாஸ்டர் ஒருவர், உதவிக்கு ஓர் ஆள், பெரிய அடுப்பு, கொல்லையிலோ மொட்டை மாடியிலோ சமையல். காலை ஏழு மணிக்கு வந்தால் பன்னிரண்டுக்கு முடித்துவிடுவார்கள். வீட்டு அடுப்பு முழுவதும் காலைப் பலகாரத்துக்கும் காபிக்கும் விடுபடும். எண்ணிக்கை 30-ஐத் தாண்டினால் எனக்கு இதுதான் முதல் தேர்வு.

பிரியாணி வீடுகளுக்கு 25 பேர் என்றாலும் இதையே சொல்வேன். அடுப்பு நேரம் என்று பார்த்தால் பிரியாணி சிக்கனமானது. ஒரே அண்டா, ஒரே அடுப்பு, கூடத் தாளிச்சா, தயிர் வெங்காயம், முட்டை. ஆனால் மொத்த விருந்தும் அந்த ஒரே அண்டாவில் இருக்கிறது. கூட்டில் உப்புக் கூடிவிட்டால் பொரியல் காப்பாற்றும். மூன்று கிலோ சீரகச் சம்பா அடிபிடித்தால் காப்பாற்ற எதுவும் இல்லை. வாரந்தோறும் அண்டாவில் தம் போட்டுப் பழகிய கைக்குத்தான் தண்ணீர் அளவு கண்ணிலேயே தெரியும். அரிசி முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது கரண்டியின் பின்புறத்தால் மெல்லத் தடவி, நீர் எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, மூடியின் மேல் தணல் அள்ளிப் போடுவதா, இன்னும் ஐந்து நிமிடம் பொறுப்பதா என்று முடிவெடுப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் கூலி.

பிரியாணிக்குச் சொல்வதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். தீபாவளி அமாவாசையோடு சேர்ந்து வரும் வருஷங்களில் பல வீடுகளில் கறி எடுப்பதில்லை. இதை மாமியாரிடமோ அம்மாவிடமோ கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பது உத்தமம்.

மறைந்திருக்கும் செலவுகள்: மாஸ்டர் கொடுக்கும் சாமான் பட்டியல் எப்போதும் தாராளமாகவே இருக்கும். பற்றாக்குறை வந்தால் பழி அவருக்கு, மீந்தால் செலவு உங்களுக்கு. ஆகவே கூடுதலாகத்தான் எழுதுவார். எண்ணெய், நெய், முந்திரி மூன்றையும் மட்டுமாவது ஒரு தடவை கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். பாத்திர வாடகை தனி. எடுக்கும்போதும் திருப்பும்போதும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். காணாமல் போவது அண்டாவல்ல, எப்போதும் கரண்டிதான். பண்டிகைக் கூலி சாதாரண நாள் கூலியைவிட அதிகம், அவரும் தன் வீட்டுத் தீபாவளியை விட்டுவிட்டு வருகிறார். கூலியோடு வேட்டி துண்டோ இனிப்புப் பெட்டியோ கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். அதையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, வணிகச் சிலிண்டர் 19 கிலோ. மாஸ்டரின் பெரிய அடுப்புக்கு அவருடைய சிலிண்டரும் ரெகுலேட்டரும் வருகின்றனவா என்று முன்பே கேளுங்கள். அன்று காலை வந்து உங்கள் வீட்டுச் சிலிண்டரைக் கழற்றினால் உள்ளே இட்லி பாதியில் நிற்கும். விறகு என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பில் அனுமதி கிடைக்காது.

எல்லாவற்றையும்விட, தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டிச் சமைப்பது சாதாரணம். ஆனால் அதே மாடியில்தான் பிள்ளைகள் பட்டாசு வெடிக்கப் போவார்கள். சிலிண்டர் இருக்கும் இடத்தில் ஒரு கம்பி மத்தாப்புகூட வேண்டாம். மாடி சமையலுக்கு என்றால் பட்டாசு தெருவுக்கு என்று முந்தின நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மழைக்கு ஒதுங்க கார் நிறுத்துமிடமோ மூடிய பின்கட்டோ இல்லாத வீட்டில் இந்த வழியை நான் ஆதரிக்கமாட்டேன்.

*எப்போது இது சரி:* பிரியாணி என்றால் இதுதான். 30 பேருக்கு மேல் என்றாலும் இதுதான். மழைக்கு ஒதுங்க இடமும் தண்ணீர்க் குழாயும் அருகில் இருக்க வேண்டும்.

## கேட்டரிங்கில் சொல்வது

போன் போட்டால் முடிந்தது என்று தோன்றும். சாதாரண ஞாயிற்றுக்கிழமை என்றால் முடிந்துதான் போகும். தீபாவளியன்று சமையலறை ஆட்களில் பலர் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். இருக்கிற சில ஆட்களை வைத்துக்கொண்டு வந்த ஆர்டர்கள் அத்தனைக்கும் ஒரே சமையலாகச் செய்து பிரித்து அனுப்புவார்கள். 25 இலை என்பது அவர்களுக்குச் சில்லறை ஆர்டர். குறைந்தது 50 இலை என்று சொல்லும் இடங்களும் உண்டு. வண்டி முதலில் பெரிய ஆர்டருக்குப் போகும், உங்களுடையது வரிசையில் பின்னால்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மணிக்குக் கொண்டுவருவீர்கள்" அல்ல, "எத்தனை மணிக்குச் சமைத்து இறக்குவீர்கள்". பதினொன்றரைக்கு வந்து சேரும் சாம்பார் காலை எட்டு மணிக்கு இறங்கியதாக இருக்கலாம். உங்கள் மூன்றாம் பந்தி மூன்று மணிக்கு. அந்த ஏழு மணி நேரமும் நல்ல ஹாட்பாக்ஸில் இருந்தால் பரவாயில்லை. வாளியில் மூடி போட்டு வந்தால், வந்தவுடன் உங்கள் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடுங்கள். அந்த நேரத்தில் அடுப்பு காலியாக இருப்பதுதான் இந்த வழியின் பெரிய வசதி.

வடையைக் கேட்டரிங்கில் சொல்லாதீர்கள். சூட்டோடு அட்டைப் பெட்டியில் அடுக்கி மூடுவார்கள். ஆவி மேல் மூடியில் முட்டிச் சொட்டாக இறங்கும். திறக்கும்போது மேல்வரிசை ஈரம், கீழ்வரிசை எண்ணெய், நடுவரிசை மட்டும் வடை. புளியோதரை, வத்தக்குழம்பு, இனிப்பு, ஊறுகாய் போன்றவை பயணத்தைத் தாங்கும்; சில வந்து நின்றபின் இன்னும் ருசிக்கும். ஆகவே முழு விருந்தையும் வெளியில் சொல்வதைவிட, தாங்குகிறவற்றை மட்டும் சொல்வது புத்திசாலித்தனம்.

பக்கெட் பிரியாணி சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "மூன்று கிலோ பிரியாணி" என்றால் மூன்று கிலோ அரிசி போட்டதா, வெந்த பிரியாணி மூன்று கிலோவா என்று தெளிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு கிலோ அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு எடை வரும். அந்த ஒரு சொல்லில் எட்டுப் பேர் சாப்பாடும் 25 பேர் சாப்பாடும் அடங்கியிருக்கின்றன. கறித்துண்டு எத்தனை கிராம், எலும்போடா என்பது அடுத்த கேள்வி.

மறைந்திருக்கும் செலவுகள்: ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா, வண்டிக் கூலி தனியா, பாத்திரத்தைத் திருப்பி எடுக்க யார் வருவார்கள், பரிமாற ஆள் உண்டா. பரிமாற ஆள் இல்லையென்றால் உங்கள் வீட்டுப் பெண்கள் சமையலிலிருந்து விடுபட்டுப் பரிமாறுவதில் மாட்டிக்கொள்வார்கள். கடைசிப் பந்திக் கேள்வி அப்படியே நிற்கும். பழக்கமில்லாத இடம் என்றால் ரசீதில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

*எப்போது இது சரி:* வீட்டில் பெரியவர்கள் முடியாமல் இருக்கிறார்கள், கைக்குழந்தை இருக்கிறது, சமைக்கத் தெம்புள்ள ஆள் ஒருவர்தான் என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். "தீபாவளிக்குக் கூடவா வெளியில் வாங்குவார்கள்" என்று கேட்கும் உறவினரிடம் கரண்டியை நீட்டலாம்.

## ஆளுக்கொரு பதார்த்தம்

காகிதத்தில் இதைவிட அழகான ஏற்பாடு இல்லை. பெரிய அண்ணி சாம்பார், சின்ன அண்ணி பொரியல், அத்தை பாயசம். செலவும் பகிர்ந்துபோகும், ஒருவர் தலையில் எல்லாம் விழாது.

சிக்கல் பன்னிரண்டரை மணிக்குத் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குவார்கள். எல்லோருடைய பாத்திரமும் ஆறியிருக்கும். எல்லோரும் அதே இரண்டு பர்னரைக் கேட்பார்கள். ஆட்டோவில் வந்த சாம்பார் பாதி மூடியில் இருக்கும். யாரும் எழுதி வைக்காததால் கேசரி மூன்று பாத்திரத்தில் வரும், ரசம் ஒன்றிலும் வராது. அப்புறம் யாருடைய பாத்திரம் முதலில் காலியானது, யாருடையது தொடப்படாமல் நின்றது என்பது அடுத்த பொங்கல்வரை பேசப்படும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்ற வழக்கம் வேறு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் எதையாவது போட்டு அனுப்பவேண்டும். மீந்த கேசரிக்கு அது ஒன்றுதான் வழி.

இதைச் சரியாக நடத்த ஒரு விதி போதும்: சூடுபண்ண வேண்டியவை எல்லாம் விருந்து வீட்டின் பொறுப்பு. ஆறினாலும் குற்றமில்லாதவற்றை மட்டும் வருகிறவர்கள் கொண்டுவரட்டும். தயிர்ப் பச்சடி, ஊறுகாய், புளியோதரை, இனிப்பு, முறுக்கு, பழம், தீபாவளி லேகியம். இலை, தண்ணீர் பாட்டில், வெற்றிலைபாக்குகூட ஒருவர் பங்காக இருக்கலாம். சமைக்கத் தெரியாத தம்பி முறைக்காரர்களுக்கு அதைக் கொடுங்கள்.

தலை தீபாவளி என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். சம்பந்தி வீட்டாரிடம் "நீங்கள் பாயசம் கொண்டுவாருங்கள்" என்று எந்த வாயால் சொல்வது? மருமகன் வரும் வீட்டில் விருந்து முழுவதும் பெண் வீட்டார் கையிலிருந்துதான் போக வேண்டும் என்பதை இன்றைக்கும் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

*எப்போது இது சரி:* ஒரே ஊரில் அரை மணி தூரத்துக்குள் இருக்கும் உடன்பிறந்தவர்களுக்குள். பட்டியலை ஒருவர் எழுதி, மற்றவர்கள் அதற்குக் கட்டுப்படுவார்கள் என்றால் மட்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நாமே | மாஸ்டர் | கேட்டரிங் | ஆளுக்கொன்று |
|---|---|---|---|---|
| வீட்டு அடுப்பு | போதாது, ஒரு மணி நேரம் குறையும் | முழுக்க விடுபடும் | சூடுபண்ண மட்டும் | கடைசி அரை மணியில் நெருக்கடி |
| சூடு, பக்குவம் | மிக நன்று | நன்று | சமைத்த நேரத்தைப் பொறுத்தது | கொண்டுவரும் பதார்த்தத்தைப் பொறுத்தது |
| கடைசிப் பந்தி | சமைத்தவர்களே | உதவியாள் பரிமாறினால் தப்பிக்கலாம் | பரிமாற ஆள் சொன்னால் தப்பிக்கலாம் | விருந்து வீட்டுக்காரர் |
| மறைமுகச் செலவு | பாத்திரம், தேய்ப்பு, உடம்பு | வாடகை, தாராளப் பட்டியல், பண்டிகைக் கூலி | வரி, வண்டி, பரிமாறும் கூலி | மனக்கசப்பு |
| பெரிய ஆபத்து | தாமதம் | மழை, மாஸ்டர் வராமல் போவது | வண்டி தாமதம், ஆறிய உணவு | ஒன்றே மூன்று, ஒன்று இல்லவே இல்லை |
| ஏற்ற எண்ணிக்கை | 15 வரை | 30-க்கு மேல், பிரியாணி என்றால் 25 | எதுவும், 50-க்கு மேல் பேரம் பேசலாம் | 20 வரை |

15-க்கும் 30-க்கும் நடுவில் சிக்கியவர்களுக்கு அட்டவணை நேரான பதில் சொல்லவில்லை என்பது தெரிகிறது. அவர்களுக்கு என் யோசனை: ஒரே வழியை முழுதாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பதார்த்தம் பதார்த்தமாகப் பிரியுங்கள். சூடாக இருந்தால்தான் ருசி என்பவை, அதாவது சாதம், சாம்பார், ரசம், வடை, வீட்டில். நின்றாலும் கெடாதவை, அதாவது இனிப்பு, புளியோதரை, ஊறுகாய், தயிர் வகை, வெளியிலிருந்தோ உறவினரிடமிருந்தோ. இரண்டு பொரியல் கூடாதா என்று கேட்டால், ஒன்று போதும். விருந்தின் பெருமை பொரியலின் எண்ணிக்கையில் இல்லை. பாயசமும் ஒரு பொரியலும் குறைந்தாலே அடுப்புக் கணக்கு ஆறரை மணிக்கு இறங்கிவிடும். மீதி அரை மணியைக் காபிக்கு விட்டுவிடலாம்.

## யாரும் எண்ணிப் பார்க்காத ஐந்தாவது வழி: விருந்தை இரவுக்குத் தள்ளுவது

மதியம்தான் விருந்து என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. காலைப் பலகாரம் கனமாக முடிந்த வீட்டில் ஒரு மணிக்கு யாருக்கும் உண்மையில் பசிப்பதில்லை. காலை பத்து மணிக்குத் தின்ற இட்லியும் கறிக்குழம்பும் அதிரசமும் அப்படியே இருக்கும். விருந்தை இரவு எட்டரைக்கு வைத்தால் அடுப்பு பத்து மணியிலிருந்து இரவு எட்டு வரை உங்களுடையது. இரண்டு பர்னரில் 20 மணி நேரம். ஒருவர் மதியம் படுத்து எழலாம். மதியத்துக்குத் தயிர்சாதம் போதும். ஏழு மணிக்குப் பட்டாசு, எட்டரைக்குச் சாப்பாடு. பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் பசியோடு இருப்பார்கள்.

இரவுச் சாப்பாடு இலகுவாகவும் இருக்கலாம். இடியாப்பம், குருமா, ஒரு கலந்த சாதம், பாயசம். ஒரு நிபந்தனை: இரவில் சாப்பிட வேண்டிய கூட்டையோ குருமாவையோ காலையிலேயே செய்து மேடையில் மூடி வைக்கக்கூடாது. மாலை ஐந்துக்கு மேல் அடுப்பேற்றினாலே நேரம் தாராளம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரவே திரும்ப வேண்டுமென்றால் இது சரிப்படாது. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விடுமுறை அறிவிக்கப்படாவிட்டால் திங்கள் காலை அலுவலகம் போகிறவர்கள் ஒன்பதரைக்கே செருப்பைத் தேடுவார்கள். உள்ளூர் உறவுகள் மட்டும் என்றால் காசு செலவில்லாமல் கிடைக்கும் தீர்வு இது.

## முன்கூட்டியே செய்ய வேண்டியவை

மாஸ்டரோ கேட்டரிங்கோ எதுவானாலும் மூன்று வாரம் முன்பே பேசி, என்ன பதார்த்தம், எத்தனை மணி, எவ்வளவு முன்பணம் என்பதை எழுதி வாங்குங்கள். வாடகைப் பாத்திரத்தை ஒரு வாரம் முன்பு சொல்லிவைத்து, முந்தின நாள் மாலையே எடுத்துவிடுங்கள். மாற்று கேஸ் சிலிண்டர் நிறைந்ததாக இருக்கிறதா என்று பத்து நாள் முன்பு தூக்கிப் பாருங்கள். பண்டிகை வாரத்தில் பதிவு செய்து காத்திருக்க நேரிடும். கறி வேண்டுபவர்கள் முந்தின நாளே கடையில் எடையைச் சொல்லிப் பணம் கட்டிவிடுவது நல்லது. தீபாவளி விடியலில் கறிக்கடை வரிசை இருட்டிலேயே தொடங்கிவிடும், எண்ணெய் தேய்த்த தலையோடு யாரும் அங்கே நிற்க வேண்டாம்.

தயிருக்கு முந்தின நாள் மாலையிலேயே உறை ஊற்றுங்கள். மழைக்குளிரில் தோய நேரமாகும். இட்லி மாவும் அப்படித்தான், முந்தின நாள் காலையிலேயே அரைத்துவிட்டால் பயமில்லை. காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, புளி கரைப்பது எல்லாம் முந்தின இரவு வேலைகள். நுனி இலையை 30 வாங்குங்கள், 25 அல்ல. ஐந்து கிழிந்துதான் வரும்.